டொமைன் பெயருக்கு டிரேட்மார்க்: முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களுக்கு

ஈரோட்டில் டிரேட்மார்க் ஏஜென்ட்டாக இருக்கிறேன். போன வருடம் என் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி, நாலு வருடமாக இணையத்தில் விற்கிறவர். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ். இந்தப் பெயரை உடனே நிறுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நோட்டீஸின் மேல் டொமைன் வாங்கிய பில்லை எடுத்து வைத்தார். "இந்தப் பேரை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கேனுங்க. அப்புறம் எப்படிங்க இன்னொருத்தர் இப்படி எழுதி அனுப்ப முடியும்?"

பில்லை வாங்கிப் பார்த்தேன். மேல் மூலையில் அவர் பெயர் இல்லை. தளம் செய்து கொடுத்த பையனின் பெயர் இருந்தது.

அன்றைக்கு அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் இந்தியச் சட்டப்படி, முதன்முதலாக விண்ணப்பிக்கிறவர்களை மனதில் வைத்து.

டொமைன் வாங்கினால் என்ன கிடைக்கிறது

டொமைன் என்பது வாடகைக்கு எடுத்த இணைய முகவரி. வருடா வருடம் பணம் கட்டும்வரை அந்த முகவரி உங்களிடம் இருக்கும். முதலில் கேட்டவருக்குக் கொடுப்பார்கள்; அந்தப் பெயரில் வேறு யாராவது வியாபாரம் செய்கிறார்களா என்று விற்கிறவர் பார்ப்பதில்லை. டிரேட்மார்க், அதாவது வணிகக் குறி, வேறு. இன்ன பொருளுக்கு, இன்ன சேவைக்கு இந்தப் பெயர் என்னுடையது என்று 1999-ஆம் வருடத்து வணிகக் குறிகள் சட்டத்தின்கீழ் கிடைக்கும் உரிமை அது. டிரேட்மார்க் பதிவேட்டில் உங்கள் டொமைன் இருக்காது. டொமைன் விற்கும் இடத்தில் டிரேட்மார்க் பதிவேடு இருக்காது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

டொமைனுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே 1999-இல் சிஃபிநெட், சிஃபிமால் போன்ற டொமைன்களைப் பதிவு செய்திருந்தது. பிறகு இன்னொரு நிறுவனம் ஓர் 'எஃப்' கூட்டிப் போட்டு அதே உச்சரிப்பில் டொமைன் வாங்கியது. பெங்களூர் சிவில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. டொமைன் பெயரும் வணிகக் குறியைப் போல ஒரு வியாபாரத்தை அடையாளம் காட்டும், அதைப் போலி செய்வதைத் தடுக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் அதற்காக சத்யம் இன்ஃபோவே ஐந்து லட்சம் வாடிக்கையாளர்களையும் 840 சைபர் கஃபேக்களையும் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள் நல்லபெயரை அந்த அளவுக்கு நிரூபிப்பது கஷ்டம். பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் வழக்கு அங்கிருந்தே தொடங்கும். அதற்காகத்தான் இந்த வேலை.

படிவத்தைத் தொடுவதற்கு முன்

முதல் வேலை, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது. டொமைன் விற்ற நிறுவனத்தின் கணக்குக்குள் நீங்களே நுழைய முடிகிறதா? பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ உங்கள் நிறுவனத்தின் பெயரோ இருக்கிறதா? தளம் செய்தவரின் கணக்கில் இருந்தால் இன்றைக்கே மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் கெட்ட எண்ணத்தில் வைத்திருப்பதில்லை. வாங்கிக் கொடுத்த வசதிக்காக அப்படியே விட்டிருப்பார்கள். ஆனால் தகராறு என்று வரும்போது அந்தப் பில் உங்களுக்குச் சாட்சியாக நிற்காது. டிரேட்மார்க் எந்தப் பெயரில் போடப் போகிறீர்களோ அதே பெயரில் டொமைனும் இருக்கட்டும். கணக்குக்கான மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்க வேண்டாம். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுபோகும், கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் வந்து சேர இடம் இருக்காது.

அடுத்தது பெயரைச் சோதிப்பது. இதில் அவசரப்படாதீர்கள், ஒரு சாயங்காலம் முழுக்கப் போனாலும் பரவாயில்லை. டிரேட்மார்க் பதிவைக் கவனிக்கும் மத்திய அரசின் ஐபி இந்தியா தளத்தில் டிரேட்மார்க் பொதுத் தேடல் இலவசம். உங்கள் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் காம், இன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் போட்டுத் தேடுங்கள். எழுத்துப்படி தேடிய பிறகு உச்சரிப்புப்படி தேடும் வசதியையும் பயன்படுத்துங்கள்.

தமிழ்ப் பெயர் வைத்தவர்களுக்கு இங்கே கூடுதல் வேலை உண்டு. ஆங்கில எழுத்தில் 'தாழம்பூ' என்று எழுதச் சொன்னால் ஒருவர் ழகரத்துக்கு இசட்-எச் போடுவார், ஒருவர் ஒற்றை எல் போடுவார். முதல் எழுத்துக்கு ஒருவர் டி மட்டும், ஒருவர் டி-எச். கடைசியில் ஓ-ஓவா, யு-வா? ஒரே சொல்லுக்கு எட்டு எழுத்துக்கூட்டல் சாதாரணமாக வரும். எட்டையும் தட்டிப் பாருங்கள். எண்ணெய்க்கார அம்மாவின் பெயரை அவர் எழுதியபடி தேடினால் ஒன்றும் வரவில்லை. ழகரத்தை எல் ஆக்கித் தேடியதும் எதிராளியின் விண்ணப்பம் முதல் வரியிலேயே வந்து நின்றது.

அதே பெயர் இன்னொருவரிடம் இருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். எந்தப் பொருளுக்கு என்று பாருங்கள். டிராக்டர் உதிரிபாகத்துக்கு இருக்கும் பெயர் உங்கள் ஊறுகாய்க்குத் தடையாகாமல் போகலாம். அதே பெயர், அதே சரக்கு, அவர் உங்களுக்கு முன்பிருந்தே விற்கிறார் என்றால் நேர்மையாகப் பெயரை மாற்றுவதே நல்லது. தளத்துக்கும் டப்பாவுக்கும் லேபிளுக்கும் செலவு செய்த பிறகு மாற்றுவதைவிட இப்போது மாற்றுவது எவ்வளவோ மேல்.

எந்தப் பெயர் நிற்கும்

பொருளை அப்படியே சொல்லும் பெயரை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. 'மரச்செக்கு எண்ணெய் டாட் காம்' என்று டொமைன் கிடைத்துவிட்டால் பலருக்குப் பெரிய சந்தோஷம். தேடுபொறியில் அது உதவவும் செய்யும். டிரேட்மார்க் என்று வந்தால் அது பலவீனமான பெயர். செக்கு வைத்திருக்கிற எல்லாரும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பின்னால் டாட் காம் ஒட்டிக்கொண்டதால் பொதுச்சொல் தனிச்சொல் ஆகிவிடாது. ஊர்ப்பெயருக்கும் ஏறக்குறைய இதே கதை.

முன்பு சொன்ன வழக்கின் சிஃபி என்பது சத்யம் இன்ஃபோவேயின் பெயரிலிருந்தே எழுத்தெடுத்துக் கட்டிய புதுச்சொல். அப்படிப் புதிதாக உண்டாக்கின சொல்தான் எல்லாவற்றிலும் வலுவானது. அதற்கு அடுத்தது, சரக்கோடு சம்பந்தமில்லாத சாதாரணச் சொல். எண்ணெய்க்கு 'நிலா' என்று வைப்பது போல. ஏற்கெனவே பொதுச்சொல்லில் டொமைன் வாங்கி வருடக்கணக்கில் நடத்திவிட்டீர்கள் என்றால், அந்தச் சொல்லைக் கேட்டதும் மக்கள் உங்களைத்தான் நினைக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டியிருக்கும். முடியாதது அல்ல, நீண்ட வேலை.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, 'இணையதளம்தானே' என்று 42-ஆம் வகுப்பில் போடுவது. 42 என்பது பிறருக்கு மென்பொருள், தளம் செய்து கொடுக்கிறவர்களுக்கு. நீங்கள் இணையத்தில் எண்ணெய் விற்றால் உங்கள் தொழில் எண்ணெய்தான். தளம் உங்கள் கடைவாசல். சமையல் எண்ணெயும் ஊறுகாயும் 29. மசாலா, மாவு, அரிசி, காபி 30. துணிமணி 25. டியூஷன், பயிற்சி வகுப்பு 41. உணவகம் 43. பலருடைய சரக்கையும் வாங்கி விற்கும் இணையக் கடை 35. தேங்காய் எண்ணெயில் மட்டும் கவனம் வேண்டும். சமையலுக்கு என்றால் 29, தலைக்குத் தேய்க்க என்றால் 3. இரண்டு லேபிளும் வைத்திருந்தால் இரண்டு வகுப்பும் தேவை.

பணம் குறைவாக இருந்தால், வருமானம் எதிலிருந்து வருகிறதோ அந்த ஒரு வகுப்பில் முதலில் போடுங்கள். என்றாவது செய்யலாம் என்று நினைக்கிற தொழிலுக்கெல்லாம் இப்போதே கட்ட வேண்டியதில்லை. பதிவு செய்துவிட்டு ஐந்து வருடத்துக்கு மேல் அந்தப் பொருளுக்குப் பயன்படுத்தவே இல்லை என்றால், பிறர் கேட்டு அதை நீக்க முடியும்.

ஆதாரக் கோப்பு

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? இனிமேல்தான் என்றால் அப்படியே சொல்லலாம், குற்றமில்லை. முன்பிருந்தே என்றால் தேதியைப் போட்டு, பிரமாணப் பத்திரமும் ஆதாரங்களும் இணைக்க வேண்டும்.

டொமைன் வாங்கிய தேதி பயன்படுத்திய தேதி ஆகாது. வாங்கிப் போட்டு ஒரு வருடம் வெற்றுப்பக்கமாக இருந்தால் அந்த வருடம் கணக்கில் வராது. அந்தப் பெயரில் முதல் சரக்கு எப்போது கை மாறியதோ அதுதான் தேதி. முதல் பில், ஜிஎஸ்டி இன்வாய்ஸ்கள், கூரியர் ரசீது, லேபிள் அச்சடித்த அச்சகத்தின் பில், டப்பாவின் புகைப்படம், உணவு உரிமம், விளம்பரம் கொடுத்த ரசீது, தேதியோடு சமூக ஊடகப் பதிவுகள் எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்கி வையுங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பில்லில் 'எண்ணெய் 5 லிட்டர்' என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. பில்லின் தலைப்பில் டொமைன் பெயரையும் அச்சடிக்கிற பழக்கத்தை இன்றைக்கே தொடங்குங்கள்.

தேதியைக் கூட்டிச் சொல்லச் சொல்லி யாராவது யோசனை கொடுத்தால் கேட்காதீர்கள். எதிராளி அதைப் பிடித்துவிட்டால் உண்மையான ஆதாரங்களின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

விண்ணப்பம்

படிவத்தின் பெயர் டிஎம்-ஏ. ஐபி இந்தியாவின் மின்தாக்கல் தளத்தில் கணக்குத் தொடங்கி நீங்களே போடலாம். டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். ஏஜென்ட் அல்லது வக்கீல் மூலம் என்றால் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரிகள், அதாவது டிரேட்மார்க் பதிவு அலுவலகங்கள், மும்பை, டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத், சென்னை என்று ஐந்து. தமிழ்நாட்டில் தொழில் செய்கிறவர்களுக்குச் சென்னை, கிண்டியில் இருக்கிறது.

இணையத்தில் போட்டால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். தனிநபர், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், சிறு தொழில் ஆகியோருக்கு இந்தக் கட்டணம். மற்றவர்களுக்கு 9,000. கம்பெனியாகவோ கூட்டாண்மையாகவோ இருந்து 4,500 கட்ட வேண்டுமானால் சிறு தொழிலாகப் பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழை இணைக்க வேண்டும். அது இலவசமாகக் கிடைக்கிற சான்றிதழ். இதைத் தெரியாமல் இரட்டைப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பதாரர் பெயரில் தவறு செய்யாதீர்கள். தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் கடைப்பெயர் விண்ணப்பதாரர் ஆகாது. உங்கள் பெயரைப் போட்டு, இன்ன பெயரில் தொழில் செய்கிறவர் என்று சேர்க்க வேண்டும். கூட்டாண்மை என்றால் எல்லாக் கூட்டாளிகளின் பெயரும்.

பிறகு, சொல்லாகப் போடுவதா, லோகோவாகப் போடுவதா? டொமைனைக் காக்கத்தான் இந்த விண்ணப்பம் என்றால் சொல்லாகவே போடுங்கள். முகவரிப் பட்டையில் யாரும் லோகோவைத் தட்டுவதில்லை, எழுத்தைத்தான் தட்டுகிறார்கள். சொல்லுக்குப் பதிவு கிடைத்தால் எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் எழுதினாலும் அது பொருந்தும். கையில் பணம் இருந்தால் லோகோவைத் தனி விண்ணப்பமாகப் பிற்பாடு போடலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியையும் சேர்ப்பதா என்று எல்லாரும் கேட்பார்கள். தேவையில்லை என்பது என் கருத்து. பெயரை மட்டும் பதிந்தால் காம், இன், ஸ்டோர் என்று எதை ஒட்டி ஒருவர் போலி செய்தாலும் பேச உங்களுக்கு இடம் இருக்கும்.

தமிழ் எழுத்தில் பெயரைப் போட்டால், அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சரியாகக் கொடுக்க வேண்டும். தமிழிலேயே 'டாட் இந்தியா' முகவரி வாங்கியிருப்பவர்கள் தமிழ் வடிவத்துக்கும் ஆங்கில எழுத்து வடிவத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிப்பதை யோசிக்கலாம்.

பணம் கட்டியதும் விண்ணப்ப எண் வரும். பின்னால் பதிவு கிடைத்தால் இந்த விண்ணப்ப நாளிலிருந்தே உரிமை கணக்காகும். அதனால்தான் சீக்கிரம் போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அன்றைக்கே பெயரின் பக்கத்தில் 'டிஎம்' என்று சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவுச் சான்றிதழ் வந்த பிறகுதான். அதற்கு முன் போடுவது சட்டப்படி தவறு.

அதற்குப் பிறகு நடப்பவை

தளத்தில் விண்ணப்ப எண்ணைத் தட்டி வாரம் ஒரு தடவையாவது நிலையைப் பாருங்கள். ரிஜிஸ்ட்ரியின் ஆய்வறிக்கை வந்து 'ஆப்ஜெக்டட்' (ஆட்சேபம்) என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது நிராகரிப்பு இல்லை. பெயர் பொருளை வர்ணிக்கிறது என்பார்கள், அல்லது இதே போல் இன்னொன்று இருக்கிறது என்று பட்டியல் கொடுப்பார்கள். அறிக்கை கிடைத்து ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். கட்டிய பணமும் போகும், அந்த முதல் தேதியும் போகும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு மாதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அறிக்கை போன மின்னஞ்சல் தளம் செய்தவருடையது, அல்லது யாரும் திறக்காத பழைய முகவரி. பதிலில் உணர்ச்சி வேண்டாம். எந்தப் பெயரோடு ஒப்பிட்டிருக்கிறார்களோ அதற்கும் உங்களுக்கும் எழுத்தில், ஒலியில், சரக்கில், வாங்குகிறவர்களில் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாக எழுதி ஆதாரக் கோப்பை இணையுங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் ஹியரிங் வைப்பார்கள். வீடியோ வழியாகவே நடக்கிறது.

ஏற்றுக்கொண்டால் வாரந்தோறும் வரும் டிரேட்மார்க் ஜர்னலில் பெயரை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து நாலு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு நோட்டீஸ் வந்தால் இரண்டு மாதத்துக்குள் எதிருரை போட வேண்டும். இங்கேயும் தவறினால் விண்ணப்பம் போய்விடும். எதிர்ப்பு வராவிட்டால் சான்றிதழ் வரும். பத்து வருடத்துக்குச் செல்லும்.

காங்கேயம் அம்மாவுக்கு இந்த நாலு மாதம்தான் கை கொடுத்தது. எதிராளியின் பெயர் ஜர்னலில் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாலு வருட ஜிஎஸ்டி பில்களை இரண்டு ராத்திரி உட்கார்ந்து அடுக்கினோம். முதல் பில்லின் தேதி எதிராளியின் விண்ணப்பத்துக்கும் அவர் சொன்ன பயன்பாட்டுத் தேதிக்கும் முந்தியது. வகுப்புக்கு 2,700 ரூபாய் கட்டி எதிர்ப்புத் தாக்கல் செய்தோம். அம்மாவின் பெயரில் புது விண்ணப்பமும் போட்டோம். முந்திப் பயன்படுத்தியவரின் உரிமையைப் பதிவு பெற்றவராலும் தட்டிப்பறிக்க முடியாது என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது, அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் இன்னும் முடியவில்லை. எண்ணெய் விற்பனை நிற்கவில்லை.

உங்கள் பெயரில் வேறொருவர் டொமைன் வாங்கினால்

டிரேட்மார்க் கிடைத்துவிட்டால் மற்றவர்கள் அந்தப் பெயரில் டொமைனே வாங்க முடியாது என்று நினைக்காதீர்கள். வாங்க முடியும். பிறகு நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பு, அவற்றின் தகராறுகளைத் தீர்க்க ஐஎன்டிஆர்பி என்ற முறையை நடத்துகிறது. டாட் காம் போன்றவற்றுக்கு யுடிஆர்பி என்ற அதே மாதிரியான முறை. இதை நடத்தும் அமைப்புகளில் ஐ.நா.வின் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ ஒன்று. ஒரே நடுவர் என்றால் அங்கே கட்டணம் 1,500 டாலர். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மூன்று கேள்விகள்தான். அந்த டொமைன் உங்கள் டிரேட்மார்க்கைப் போலவே இருக்கிறதா? வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை ஏதாவது இருக்கிறதா? கெட்ட நோக்கத்தோடு வாங்கினாரா? வென்றால் டொமைன் உங்கள் கைக்கு மாறும், அல்லது ரத்தாகும். நஷ்ட ஈடு கிடைக்காது. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும்.

உங்கள் பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே ஒருவர் அந்த டொமைனை வாங்கி வைத்திருந்தால், கெட்ட நோக்கம் என்று நிரூபிப்பது மிகக் கடினம். அந்தப் பெயரில் அவர் உண்மையாகவே ஒரு தொழில் நடத்தினாலும் அப்படித்தான். அங்கே பேசி விலைக்கு வாங்கப் பாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இரண்டு கடைசி எச்சரிக்கைகள்

டொமைனுக்கு ஒரு தேதி, டிரேட்மார்க்குக்கு இன்னொரு தேதி. டொமைனைத் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்து, கார்டு காலாவதியாகும்போது மாற்ற மறக்காதீர்கள். டிரேட்மார்க்கைப் பத்தாம் வருடம் முடிவதற்கு ஒரு வருடம் முன்னாலிருந்தே புதுப்பிக்கலாம். இணையத்தில் வகுப்புக்கு 9,000 ரூபாய். தவறினால் ஆறு மாதம்வரை அபராதத்தோடு கட்டலாம்.

இன்னொன்று, விண்ணப்பம் போட்டதும் உங்கள் முகவரி எல்லார் பார்வைக்கும் போகிறது. சில நாளில் அரசாங்கக் கடிதம் போலவே முத்திரையெல்லாம் வைத்து, சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கக் கட்டணம் என்று ஒரு பில் வரலாம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உங்கள் பெயரில் டொமைன் கேட்கிறது, உடனே நீங்கள் வாங்கிவிடுங்கள் என்று மின்னஞ்சல் வரலாம். எதற்கும் பணம் கட்டாதீர்கள். ரிஜிஸ்ட்ரி உங்களுக்கு அனுப்பும் எந்தக் கடிதமும் உங்கள் விண்ணப்ப எண்ணின்கீழ் ஐபி இந்தியா தளத்திலும் இருக்கும். அங்கே இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள்.